புகைப்படச் சங்க ஆண்டறிக்கை, உதகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தன. இரண்டை மழை கெடுத்தது. மூன்றாவது கூட்டத்தன்று அறைச் சாவி என் சட்டைப்பையிலேயே கோயம்புத்தூர் போய்விட்டது. அதற்கு வருந்துகிறேன்.

உருப்படியாக நடந்தது பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றிய வேலை. 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இருந்த ஊர் இது. நம்மவர் வீட்டுப் பரணில் ‘இந்து’ பிலிம் இல்லாமல் இருக்குமா? பிஸ்கட் டப்பாக்களில் வந்து சேர்ந்தன, பாதி பூஞ்சையோடு. ஸ்கேனர் வாங்கக் காசில்லை. அதனால் ஒரு டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, நாலு விரற்கடை மேலே நெகட்டிவை நிறுத்தி, மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸால் படம் எடுத்தோம். திரைமேலேயே வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழுந்துவிடும். அப்புறம் ஜிம்ப் மென்பொருளில் கறுப்பை வெள்ளையாக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்தால் படம் தயார்.

முதல் நாள் ஒரு சுருள் முழுவதும் வீண். பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பதை மறந்து, மங்கல் பக்கத்தை வைத்துவிட்டோம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ‘உதகமண்டலம்’ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது. மென்பொருளில் ஒரே சொடுக்கில் திருப்பிவிடலாம் என்பது மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து முடித்திருந்தோம். கலர் நெகட்டிவ் இன்னும் கைவரவில்லை. அதிலுள்ள ஆரஞ்சுச் சாயத்தைத் தலைகீழாக்கினால் படம் முழுக்க நீலம் பூசிக்கொள்கிறது.

ஆடி மாதம் ஒரு சறுக்கல். எடுத்த படங்களையெல்லாம் சங்கத்தின் இலவச கூகுள் கணக்கில் ஏற்றினோம். மின்னஞ்சல், கோப்பு, படம் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கு நிரம்பி, சங்கத்துக்கு மின்னஞ்சல் வருவதே நின்றது. இரண்டு வாரம் எவரும் கவனிக்கவில்லை என்பதை, நமக்கு வரும் கடிதங்களின் அளவுக்குச் சான்றாகப் பதிவு செய்கிறேன். இப்போது படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன: ஒன்று சங்க அலமாரியில், மற்றது பொருளாளர் வீட்டில். அலமாரியில் ஈரத்தை உறிஞ்சப் போட்டிருக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்துவது செயலாளர் பொறுப்பு, அதாவது இனி என் வேலை.

வாட்ஸ்அப் குழு பற்றி. கண்காட்சிக்கு வந்த படங்களில் பல பெரிதாக அச்சிட முடியாதவை. கேட்டால், “அனுப்பினேனே” என்கிறார்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும்; டாக்குமென்ட்டாக இணைத்தால் அப்படியே வரும். ஆனால் அப்போது எடுத்த இடமும் தேதியும் கோப்போடு சேர்ந்தே போகும். வீட்டில் எடுத்த படமென்றால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். காலை வணக்கப் படங்களை எப்படி அனுப்பினாலும் வேண்டாம்.

பழைய தீர்மானங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அவற்றை எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றியாயிற்று; பிழை திருத்த இளைஞர் இருவர் தேவை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்று மட்டும்: யூபிஐ வழியாக மூன்று பேர் தலா 500 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை. தேநீர் இடைவேளையில் வந்து சொன்னால் ரசீது தருகிறேன்.

அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்