நல்ல கதை கேட்டால் பட்டியலை நீட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புத்தகப் பரிந்துரையாளர்களே,

உங்களில் எல்லாரையும் சொல்லவில்லை. ‘படிக்க சுவாரசியமா ஏதாவது கதை சொல்லுங்களேன்’ என்று ஒருவர் கேட்டதும், அவர் யார், கடைசியாக எதை ரசித்துப் படித்தார் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், ‘சாவதற்குள் படிக்க வேண்டிய 100 நாவல்கள்’ என்று ஒரு பட்டியலைத் தூக்கிப் போடுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நல்ல நாவல்கள்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் அவர் சாவதைப் பற்றிப் பேசவே இல்லையே. இந்த வார இறுதியில் எதைப் படிக்கலாம் என்றுதானே கேட்டார்?

பட்டியலோடு விட்டாலும் பரவாயில்லை. அவர் தயங்கித் தயங்கி ‘எனக்குத் துப்பறியும் கதைன்னா பிடிக்கும்’ என்று சொல்லிவிட்டால் போதும், உங்கள் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. ‘அதெல்லாம் ஒரு வயசுல நானும் படிச்சதுதான், இனிமே நல்லதா படிங்க’ என்று ஒரு புத்திமதி வேறு. அதற்கப்புறம் அந்த மனிதர் உங்களிடம் உண்மை பேசுவாரா? ‘நீங்க சொன்ன நாவலை வாங்கிட்டேன், பாதி முடிச்சாச்சு’ என்பார். பாவம், அது 30ஆம் பக்கத்தில் புக்மார்க் செருகியபடி அப்படியே கிடக்கும், எடுத்துப் படிக்கவும் மனசு வராது, யாருக்காவது கொடுத்துவிடவும் கூச்சம்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகள் எழுதி வைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதை எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. நீங்கள் மூக்கைச் சுளிக்கிற பேய்க் கதைக்கும் எங்கேயோ ஒரு வாசகர் இருக்கிறார், இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் நடுவில் நிற்பவரின் வேலை. அந்த வாசகருக்குத் தராதரம் சொல்லித் தரும்படி உங்களை யாரும் நியமிக்கவில்லை.

வகைமை விஷயத்துக்கு வருகிறேன். திகில், காதல், அறிவியல் புனைகதை, வரலாற்றுப் புதினம் என்று பிரித்து வைப்பது அலமாரி அடுக்குகிறவருக்கு வசதி, அவ்வளவுதான். 1818இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எங்கே வைப்பீர்கள்? திகில் கதை என்றாலும் சரி, அறிவியல் புனைகதை என்றாலும் சரி, பெற்றவனே கைவிட்ட ஒரு பிள்ளையின் கதை என்றாலும் சரி. ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1954இல் புத்தகமாக வந்தது. எதிர்கால நகரம், ஒரு கொலை, துப்பறிய ஒரு மனித போலீஸ்காரர், கூட்டாளியாக ஒரு ரோபோ. ‘சயின்ஸ் கதையெல்லாம் எனக்குச் சரிப்படாது’ என்று சத்தியம் செய்கிற துப்பறியும் கதைப் பிரியர்கூட இதை ஒரே மூச்சில் முடிக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் அதற்கும் அவர் எந்த மாதிரித் துப்பறியும் கதைப் பிரியர் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதிலேயே பல ஜாதி உண்டு. சிலருக்குப் புதிர்தான் உயிர். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார் (அவரும் துப்பறியும் நாவல் எழுதியவர்தான்). துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அதில் ஒன்று. புதிர்க்காரர்கள் இன்னமும் அந்த நியாயத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரனை இறக்கினால் புத்தகத்தைச் சுவரில் அடித்துவிடுவார்கள். வேறு சிலருக்குக் கொலைகாரன் யாரென்பது பொருட்டே இல்லை, அந்தத் துப்பறிபவரோடு கொஞ்ச நேரம் சுற்றினால் போதும். என் நண்பர் ஒருவர் இன்னொரு ரகம். கொலைக் கதை தவிர எதையும் தொட மாட்டார், ஆனால் படித்து முடித்த மறுவாரம் கொலை செய்தது யாரென்று கேட்டால் முழிப்பார். அப்படியானால் என்னதான் பிடிக்கிறது என்று ஒருநாள் குடைந்து குடைந்து கேட்டேன். விசாரணை அறைதானாம். மூடிய கதவு, இரண்டு பேர், ஒருவர் பொய் சொல்கிறார், எதிரில் இருப்பவருக்கு அது தெரியும், தெரிந்தும் அவசரப்படாமல் காத்திருக்கிறார். சரி என்று, போலீசும் இல்லாத பிணமும் இல்லாத ஒரு நாவலைக் கொடுத்தேன். பிரிவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டு, விடிந்தும் விடியாமல் போன் போட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: ‘அவ எந்த இடத்துல பொய் சொல்ல ஆரம்பிக்கிறான்னு கவனிச்சியா?’

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதைத்தான் நான்கு வாசல்களாகச் சொல்கிறார்: கதையோட்டம், பாத்திரங்கள், கதை நடக்கும் இடம், மொழி. ஒருவர் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறவர் என்று தெரிந்துவிட்டால் வகைமை தானாக நகர்ந்து வழிவிடும். இடத்துக்காகப் படிக்கிறவருக்கு ஃபேன்டஸியும் ஒன்றுதான், 300 வருஷத்துக்கு முந்தைய துறைமுகத்தில் நடக்கும் வரலாற்றுக் கதையும் ஒன்றுதான். மொழிக்காகப் படிக்கிறவரிடம் ‘செம ஸ்பீடு’ என்று சொல்லி ஒரு த்ரில்லரைத் தள்ளினால் அவருக்குக் கொட்டாவிதான் வரும்.

அதே பேர்ல் சொன்ன 50 பக்கக் கணக்கையும் தயவுசெய்து பரப்புங்கள். ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் அவகாசம் கொடு, பிடிக்கவில்லையா, மூடிவை. 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம், 60 வயதென்றால் 40 பக்கம் போதும். (100 வயதுக்காரர் அட்டையைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் சம்பாதித்த உரிமை.) நீங்களோ ‘முதல் 200 பக்கம் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க’ என்கிறீர்கள். எதற்கு?

அப்புறம் இந்த ஸ்பாய்லர். முடிவு முன்பே தெரிந்தால் வாசிப்பு கெட்டுப்போகிறதா என்று சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்களாம். இருக்கட்டும். அதற்காக என் நாவலின் கடைசிப் பக்கத்தை நீங்கள் உடைக்க வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நானே கேட்கிறேன். ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று காட்டும் இயந்திரம்கூட அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. ஆனால் நான் எதை வாங்கினேன் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எந்தப் பக்கத்தில் தூக்கிப் போட்டேன் என்று அது கேட்காது. நீங்கள் கேட்கலாம்.

சரி, என்னிடமிருந்தே தொடங்குங்கள். கடைசியாக எனக்குப் பிடித்தது ஒரு பேய்க் கதை, பேய்க்காக அல்ல, அந்த வீட்டை அங்குலம் அங்குலமாகக் காட்டியதற்காக. பாதியில் விட்டது ஒரு விண்வெளிக் கதை, ஆளுக்கு ஆள் ஒரே குரலில் பேசினார்கள். சோகம் பரவாயில்லை, குழந்தை சாகிற கதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். 300 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதை ஏன் சொல்கிறீர்கள் என்று இரண்டு வரியும் சேர்த்து.

இப்படிக்கு,
துப்பறியும் கதையை அட்டை போட்டு மறைக்காமல் படிக்கிற ஒரு வாசகர்