குகனுக்கு: வேலையை விடமுதல் வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்கு எழுது

மச்சான் குகன்,

கனகாலமா உனக்கு ஒரு வரியும் எழுதேல்லை. பேசுறதை நேரிலை கண்டு பேசு, இப்ப விசயம் அவசரம். நீ குசினி வேலைக்கு நோட்டீஸ் குடுத்திட்டாயாம், மாசமுடிவோடை முழுநேரமும் மிருதங்கந்தானாம் எண்டு சிவத்தார் சொன்னார். உண்மையாச் சந்தோசமடா. அந்தக் கையை இவ்வளவு காலமும் சட்டி தேய்க்க விட்டதே பாவம். மனுசி என்ன சொன்னவ எண்டு நான் கேக்கேல்லை.

ஆனா சிவத்தார் அடுத்ததாச் சொன்னதைக் கேக்கத்தான் எனக்குத் தலை சுத்தினது. "கிராங்கன்காசெ, அதுதான் மருத்துவக் காப்புறுதி, ஒரு பிரச்சினையுமில்லை, அவன் மனுசியின்ரை காப்புறுதிக் காட்டிலை ஏறுவான்" எண்டார். வான் வாங்கேக்கையும் உந்தாள் இப்பிடித்தானே சொன்னவர்!

வடிவாக் கேள். ஜெர்மனியிலை மனுசியின்ரை காப்புறுதியிலை காசில்லாமல் சேர்றதெண்டால் இந்த 2026இலை உன்ரை மாத வருமானம் 565 யூரோவைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரிய தடை, சுயதொழிலையே முதன்மையாச் செய்யிற ஆளைக் குடும்பக் காப்புறுதியிலை சேர்க்கவே மாட்டினம், உழைப்பு எவ்வளவு குறைஞ்சாலும். மறைச்சுச் சேர்ந்தாலும் வருசாவருசம் காசெ ஒரு படிவம் அனுப்பும், வரி அலுவலகமான ஃபினான்ஸ்அம்டின்ரை தீர்வைக் கடிதத்தைக் கேக்கும், பிறகு பழைய காலத்துக்கும் சேர்த்து அறவிடும்.

அது இல்லையெண்டால் சும்மா ஒரு சுயதொழில்காரனா நீயே முழுக்கக் கட்டவேணும். மாசம் 400 யூரோ உழைச்சாலும் 1,318.33 யூரோ உழைச்சதா வைச்சுத்தான் கணக்குப் போடுவினம். அடிப்படை வீதம் 14, காசெயின்ரை மேலதிக வீதம் சராசரி 2.9, பராமரிப்புக் காப்புறுதி 3.6. கூட்டிப்பார், 270 யூரோ. அதிலை ஓய்வூதியத்துக்கு ஒரு சதமும் இல்லை, சுகமில்லாமல் படுத்தால் நோய்க்காலப் பணமான கிராங்கன்கெல்டும் இல்லை. பிரைவட் காப்புறுதிக்காரன் ஒருத்தன் இளிச்சுக்கொண்டு வருவான், கதவைச் சாத்து. 55 வயசு தாண்டினால் அங்கையிருந்து திரும்பி வாறது ஏறத்தாழ ஏலாத காரியம்.

உன்ரை வழி கியூன்ஸ்ட்லர்சோத்சியால்காசெ, எல்லாரும் சொல்லுற காஎஸ்கா, வில்ஹெல்ம்ஸ்ஹாவனிலை இருக்கிற, கலைஞர்களுக்கான சமூகக் காப்புறுதி அலுவலகம். 1981இலை சட்டம் நிறைவேறி 1983 சனவரி முதலாம் திகதியிலையிருந்து நடைமுறையிலை இருக்கு. எனக்குப் பிடிச்ச சட்டம் இந்த நாட்டிலை ஒண்டு இருக்கெண்டால் இதுதான். சம்பளத்துக்கு வேலை செய்யிறவனுக்குப் பாதியை முதலாளி கட்டுறான். கலைஞனுக்கு முதலாளி ஆர்? அவன்ரை கலையை வித்துப் பிழைக்கிறவைதான் எண்டு சட்டம் சொல்லிப்போட்டுது. பதிப்பகம், நாடக அரங்கு, கச்சேரி நடத்துறவை, விளம்பரக் கொம்பனி எல்லாரும் தாங்கள் குடுக்கிற சம்பாவனைக்கு மேலாலை ஒரு வீதம் கட்டவேணும். 2025 வரை 5, இந்த வருசம் 4.9. மொத்தக் காப்புறுதியிலை 30 வீதம் அதாலை வருது, 20 வீதம் மத்திய அரசு, மிச்சப் பாதிதான் நீ.

பன்னிரண்டாயிரம் யூரோ வருச இலாபம் எண்டு வை, மாசம் ஆயிரம். ஓய்வூதியம் 93, மருத்துவக் காப்புறுதி 87.50, பராமரிப்பு 18. எல்லாம் சேர்த்து 198.50. மற்ற வழியிலை 270 கட்டி ஓய்வூதியமில்லாமல் இருக்கிறதோடை ஒப்பிட்டுப்பார். பிள்ளை கயலும் உன்ரை காட்டிலை காசில்லாமல் இருக்கலாம். காஎஸ்கா காப்புறுதிக் கொம்பனி இல்லை எண்டதையும் மனசிலை வை. இப்ப இருக்கிற காசெயிலேயே தொடர்ந்து இருப்பாய், காஎஸ்கா உன்னட்டை வாங்கி அங்கை கட்டும்.

வாசிக்கிறது மட்டுமில்லை, படிப்பிக்கிறதும் செல்லும். கலையைப் படைக்கிற, நிகழ்த்துற, கற்பிக்கிற ஆள்தான் கலைஞர் எண்டு சட்டத்திலையே எழுதியிருக்கு. மிருதங்கத்துக்கு அதாலை தலையிடி இல்லை. பரதம் படிப்பிக்கிற வாசுகி அக்கா கேட்டால் மட்டும் கொஞ்சம் கவனமாச் சொல்லு. டாங்கோ ஆட்டம் படிப்பிச்ச ஒருவரைக் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் ஏற்கேல்லை, அது பொழுதுபோக்கு ஆட்டம் எண்டு. பரதம் மேடைக் கலை எண்டதை அரங்கேற்ற அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், படங்களோடை காட்டவேணும். "நடன வகுப்பு" எண்டு மட்டும் எழுதி அனுப்பினால் சனிக்கிழமை உடற்பயிற்சி எண்டு நினைச்சுப் போடுவினம்.

இப்ப செய்யவேண்டிய அலுவல். விண்ணப்பம் வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்குப் போய்ச் சேர்ற நாளிலையிருந்துதான் காப்புறுதி தொடங்கும், அதுக்கு முன்னுக்குப் போகாது. அதாலை எல்லாப் பேப்பரும் சேரட்டும் எண்டு பாத்துக்கொண்டிராதை. படிவத்தை இந்தக் கிழமையே அனுப்பு, மிச்சத்தைப் பிறகு குடுக்கலாம். முடிவு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் காசெக்கு நீயே கட்டிக்கொண்டிரு, ஏற்றுக்கொண்டால் பிறகு கணக்குப் பாத்துச் சரிசெய்வினம். முதல் மூண்டு வருசமும் நீ தொடக்கநிலைக்காரன், உழைப்பு எவ்வளவு குறைஞ்சாலும் வெளியிலை விடமாட்டினம். அதுக்குப் பிறகு வருச இலாபம் 3,900 யூரோவைத் தாண்டவேணும். ஆறு வருசத்துக்குள்ளை ரெண்டு தரம் குறைஞ்சால் பொறுப்பினம்.

அத்தாட்சிதான் உன்ரை பலவீனம். வட இலங்கைச் சங்கீத சபைச் சான்றிதழை அங்கீகரிச்ச மொழிபெயர்ப்பாளரிட்டைக் குடுத்து ஜெர்மனுக்கு மாத்து. அதைவிட முக்கியம் பில்லும் பாங்குக் கணக்கும். கோயில் திருவிழாவுக்கு வாசிச்சால் தாம்பூலத்தோடை கவருக்குள்ளை வைச்சுத் தருவினம், நீயும் கும்பிட்டு வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வைப்பாய். காஎஸ்காவுக்குக் கவர் கண்ணுக்குத் தெரியாது! பெற்றோருக்கு மாதாமாதம் பில் எழுது, திகதி, தொகை, "மிருதங்க வகுப்பு" எண்டு போடு, காசு பாங்குக்கு வரட்டும். கவர் தந்தாலும் பற்றுச்சீட்டு எழுதி ஒரு பிரதி வைச்சிரு, அதுவும் வருமானந்தான்.

ரெண்டு பொறி இருக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடம் வரியில்லாத சலுகைப் பணமாத் தாற காசு, 2025 வரை வருசம் 3,000 யூரோ வரைக்கும், காஎஸ்கா கணக்கிலை வருமானமாச் சேராது. அதை நம்பி 3,900ஐக் கணக்குப் போட்டுப் பிறகு அழாதை. மற்றது நகரசபை இசைப்பள்ளி. ஹெரன்பெர்க் ஊர் இசைப்பள்ளிப் பியானோ ஆசிரியை வழக்கிலை 2022இலை நீதிமன்றம், அவ சுயதொழில்காரி இல்லை, ஊழியர் எண்டு தீர்த்தது. அறை அவையின்ரை, நேரம் அவையின்ரை, பாடத்திட்டமும் அவையின்ரை எண்டால் அந்த உழைப்பு காஎஸ்காவுக்குள்ளை வராது. குசினியை மட்டும் சனி ஞாயிறிலை மினிஜொப் எண்ட சின்ன வேலையா வைச்சிருக்கலாம், 603 யூரோவுக்குள்ளை நிண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

இனி நான் உண்மையாப் பயப்பிடுற இடம். ஒவ்வொரு வருசமும் டிசம்பர் முதலாம் திகதிக்குள்ளை அடுத்த வருசம் எவ்வளவு இலாபம் வரும் எண்டு மதிப்பிட்டு எழுதிக் குடுக்கவேணும். அதிலைதான் கட்டுற காசு தங்கியிருக்கு. எங்கடை ஆக்கள் எல்லாரும் சொல்லுற புத்தி என்னெண்டு உனக்குத் தெரியும்: "குறைச்சு எழுது." 18,000 உழைக்கப்போறவன் 6,000 எண்டு எழுதினால் மாசம் 180 யூரோ அளவிலை மிச்சம் பிடிக்கலாம். பாக்க நல்ல வியாபாரம்.

உன்ரை கையை நினைச்சுப் பார். மிருதங்கத்தின்ரை இடப்பக்கத் தொப்பியிலை குமுக்கி ஒலி எடுத்து எடுத்து இடதுகை மணிக்கட்டு ஒருநாள் மறிக்கும், இல்லாட்டி வலந்தலையிலை ஆள்காட்டி விரல் வீங்கும். டொக்டர் மூண்டு மாசம் தோலிலை கைவைக்காதை எண்டால் என்ன செய்வாய்? கிராங்கன்கெல்ட் ஏழாவது கிழமையிலையிருந்துதான் வரும். வாறது, முந்தின பன்னிரண்டு மாசமும் நீ எழுதிக்குடுத்த வருமானத்திலை 70 வீதம். 18,000 எண்டு எழுதினவனுக்கு மாசம் ஏறத்தாழ 1,050. 6,000 எண்டு எழுதின கெட்டிக்காரனுக்கு 350. ஓய்வூதியமும் அதே மாதிரித்தான் சுருங்கும். கை வீங்கின பிறகு திருத்தி எழுதியும் பிரயோசனமில்லை, திருத்தம் முன்னோக்கி மட்டுந்தான் செல்லும்.

வருசம் குறைஞ்சது 5 வீதமான ஆக்களைப் பிடிச்சு, பின்னாலை நாலு வருசத்துத் தீர்வைக் கடிதங்களையும் கேப்பினம். பொய் எண்டால் 5,000 யூரோ வரை தண்டம். அது போகட்டும், எனக்குத் தண்டத்தைவிட அந்த 350தான் பயம். முதல் ஆறு கிழமைக்கும் ஒண்டும் வராது எண்டதாலை காசெயிலை ஒரு தெரிவுத் திட்டம் கேட்டு எடு. மூண்டாவது கிழமையிலையிருந்து காசு வரும். மேலதிகமாக் கட்டவேணும், மூண்டு வருசத்துக்கு மாறேலாது, ஆனா கையாலை உழைக்கிறவன் அதை எடுக்காமல் விடக்கூடாது.

ரெண்டு மாசம் கட்டாமல் விட்டால் எச்சரிக்கை வரும், பிறகு காட் இருக்கும் ஆனா அவசரத்துக்கும் தாங்கேலாத நோவுக்கும் மட்டுந்தான் பாப்பினம். உழைப்பு குறைஞ்சால் மௌனமா இராதை, அண்டைக்கே மதிப்பீட்டைக் குறைச்சு எழுது.

கடைசியா உங்கடை மன்றத்தின்ரை பொருளாளருக்கு ஒரு செய்தி. "காஎஸ்காக் காசு" எண்டு சொல்லி உன்ரை சம்பாவனையிலை அந்த 4.9ஐக் கழிக்கப் பாப்பார். கழிக்கேலாது, அப்பிடி ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாது. கட்டவேண்டிய ஆள் அவர். வாசிக்கிறவர் காஎஸ்காவிலை இருந்தாலும் இல்லாட்டியும், யாழ்ப்பாணத்திலையிருந்து கூப்பிட்ட வித்துவான் எண்டாலும் கட்டவேணும். மார்ச் 31க்குள்ளை கணக்குக் குடுக்கவேணும் எண்டும் சொல்லிவை. முகம் போற போக்கைப் பாக்க நானும் வரவேணும் போலை இருக்கு.

படிவத்திலை "தொழில் தொடங்கிய திகதி" எண்ட கட்டம் வரேக்கை உடனை நிரப்பாதை, எனக்கு ஒருக்கா போன் அடி. குசினியிலை கடைசி நாள் எது, முதல் பில் எழுதின நாள் எது எண்டு ரெண்டையும் கையிலை வைச்சுக்கொண்டு கதை. பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு நான் வீட்டிலைதான்.

சிவத்தாருக்கு இதைக் காட்டாதை.

அன்புடன்
ரவி