கரண்ட் கட் என்று மிரட்டும் போன்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் செல்லூர் பக்கம் அந்த மெசேஜ் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது: போன மாத பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஒரு செல்போன் நம்பர். பக்கத்து வீட்டு அக்கா கை நடுங்க அதை என்னிடம் காட்டினார். நம் ஊரில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஏது போன மாத பில்? இதை அவர் யோசிக்கவே இல்லை, பயம் யோசிக்க விடாது, அதைத்தான் இந்தத் திருடர்கள் நம்பியிருக்கிறார்கள். கூப்பிட்டால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான், பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் என்பான், நம் போன் திரை அப்படியே அவனுக்குத் தெரியும், நாம் அடிக்கும் ரகசிய எண் உட்பட.

சந்தேகமா? மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகம் 94987 94987-ல் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மின்கட்டணம் வாங்கும் கவுன்ட்டர்கள் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், செல்லூர், மதுரை