நிரந்தர உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றித் தர மறுப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
இரும்பு வேலைப் பட்டறை,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

நாள்: 10 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2019-இல் கணினியில் வரைபடம் வரைவதற்கான உங்கள் நிறுவனத்தின் கேட் மென்பொருளை முழு விலை கொடுத்து, நிரந்தர உரிமத்தோடு வாங்கினேன். அந்த உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், "பழைய பதிப்புக்கு இனி ஆக்டிவேஷன் (மென்பொருளை இயக்கும் அனுமதிக் குறியீடு) கொடுப்பதில்லை, சந்தா கட்டிப் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்கிறது உங்கள் விற்பனைப் பிரிவு. தொலைபேசியிலும் வாட்சாப்பிலும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அதே பதில்தான் வருகிறது. அதனால் இந்தப் புகாரை எழுத்தில் அனுப்புகிறேன்.

எங்கள் பட்டறை செம்பனை ஆலைகளுக்கு வேலை செய்கிறது. பழம் கொட்டும் சரிவுத் தொட்டி, கன்வேயர் உறை, தேய்ந்துபோன தகடுகளுக்கு மாற்று, இவைதான் பெரும்பாலும். ஆலை வேலை ஆர அமரச் செய்கிற வேலை அல்ல. குலையை வெட்டிய பிறகு நேரம் போகப் போக எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறும், தரம் இறங்கும். கன்வேயர் நின்றால் ஆலைக்காரர் ராத்திரியே போன் செய்வார். நாங்கள் அப்போதே வரைந்து, விடியும்போது தகட்டை வெட்டிக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கணினியில் மென்பொருள் திறக்கவில்லை என்றால் பட்டறையில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் பழைய கணினியில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் கடந்த அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. உங்கள் விற்பனைப் பிரதிநிதி என்னிடம், "அண்ணே, அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் ஓடாது" என்றார். அது உண்மையில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும், கணினி எப்போதும்போல் ஓடும். ஆனால் ஆலைகளின் மின்னஞ்சல்கள் எல்லாம் அந்தக் கணினிக்குத்தான் வருகின்றன, அதைப் பாதுகாப்பில்லாமல் விட எனக்கு மனமில்லை. அதன் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளவும் இல்லை. சரி என்று புதுக் கணினி வாங்கினேன். அது என் முடிவு, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உங்கள் 2019 பதிப்பை அதில் நிறுவியபோது சோதனைக் கால அனுமதியில் நன்றாகவே ஓடியது. வரைபடங்கள் திறந்தன, அச்சும் சரியாக வந்தது. ஆக, தடை விண்டோஸ் 11-இல் இல்லை. நீங்கள் கொடுக்க மறுக்கும் அந்த ஒரு குறியீட்டில்தான் இருக்கிறது.

"மாறாவிட்டால் வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்களைத் திறக்க முடியாது" என்றும் உங்கள் பிரதிநிதி பயமுறுத்தினார். எங்களுக்கு வரைபடம் அனுப்பும் ஈப்போ பொறியாளர் ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருளைப் பயன்படுத்துகிறார். ஆட்டோகேட் 2013 பதிப்பில் கொண்டுவந்த டிடபிள்யூஜி என்ற வரைபடக் கோப்பு வடிவம் 2017 பதிப்பு வரை இருந்தது. 2018 பதிப்போடு வந்த அடுத்த வடிவத்தைத்தான் 2025 பதிப்பும் பயன்படுத்துகிறது. என்னிடம் உள்ள உங்கள் பதிப்பு இந்த 2018 வடிவத்தைப் படிக்கும். போன வாரம் வந்த வரைபடம்கூடத் தடங்கலின்றித் திறந்தது. கோப்பு வடிவம் மாறியிருந்தால் நானே மாறியிருப்பேன். இந்த விவரம் தெரியாத சின்னப் பட்டறைக்காரர் எத்தனை பேர் இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து பணம் கட்டியிருப்பார்களோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

புதிய பதிப்பே வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்கள் கொட்டேஷன் கொடுத்த பதிப்பைச் சோதனைக்கு வாங்கி, நாங்கள் நேர்மையாகவே சோதித்துப் பார்த்தோம். பெரிய வரைபடங்கள் வேகமாகத் திறக்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். பிடிஎஃப் கோப்பைக் கோடுகளாக மாற்றும் வசதியும் நல்ல வசதிதான். ஆனால் கணினியிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப் என்றால் மட்டுமே அது கோடுகளைப் பிரித்தெடுக்கும். ஆலைகள் எங்களுக்கு அனுப்புபவையோ பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்தவை. அவை உள்ளே வந்தும் வெறும் படமாகவே கிடந்தன, மறுபடியும் மேலே வைத்துக் கையால்தான் வரைய வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடி லிஸ்ப், அதாவது கேட் மென்பொருளுக்குள் நமக்கு வேண்டிய கட்டளைகளை நாமே எழுதிக்கொள்ளும் நிரல்மொழி. ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படித்த என் அண்ணன் மகன், பட்டறைக்கென்று சில லிஸ்ப் நிரல்கள் எழுதி வைத்திருக்கிறான். அவற்றில் ஒன்று, சதுர வாயிலிருந்து வட்ட வாய்க்கு இறங்கும் தொட்டிக்கானது. மேல் வாயின் அளவு, கீழ் வாயின் விட்டம், உயரம், தகட்டின் தடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கொடுத்து என்டர் தட்டினால், மடிக்க வேண்டிய கோடுகளோடு விரித்த தகடு திரையில் வந்து நிற்கும். அதை அப்படியே பிளாஸ்மா வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவோம். முன்பு காம்பஸும் சுண்ணாம்புக் கட்டியுமாகத் தரையில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. உங்கள் புதிய பதிப்பில் அந்தக் கட்டளையைத் தட்டினால் கீழே 'அறியாத கட்டளை' என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது மலிவான பதிப்பு, அதில் லிஸ்ப் ஓடவே ஓடாது என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அப்புறம்தான் சொன்னது. கொட்டேஷனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இப்போது எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறேன் என்று விற்பனைக்கு வந்தவர் கேட்கவும் இல்லை. லிஸ்ப் ஓடும் பதிப்பின் சந்தாவோ மூன்று ஆண்டுகளில் நான் 2019-இல் கொடுத்த முழு விலையைத் தாண்டிவிடும். கட்டுவதை நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 8 விழுக்காடு சேவை வரியையும் கொட்டேஷனில் காட்டவில்லை.

நான் பொருளைத் தொழிலுக்காக வாங்கியவன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்குபவர்களுக்கு உரியது என்பதால், அந்தக் கதவு எனக்கு இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் உங்களிடமே நியாயம் கேட்கிறேன். 2019 உரிம ஒப்பந்தத்தில், ஒரு நேரத்தில் ஒரு கணினியில் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. கணினியை மாற்றினால் உரிமம் போய்விடும் என்று எந்த இடத்திலும் இல்லை. பழைய கணினியில் உரிமத்தை நீக்கிவிட்டுச் சான்று அனுப்ப நான் தயார்.

இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் புதிய கணினிக்கான ஆக்டிவேஷன் குறியீட்டை அனுப்பி வையுங்கள். முடியாது என்றால், ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்பதை உங்கள் கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள். இலவச உதவியோ புதிய வசதிகளோ நான் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கியதைத் தொடர்ந்து பயன்படுத்த வழிவிட்டால் போதும். புதிய பதிப்புக்கு மாறுவதைப் பற்றி அடுத்த ஆண்டு நடுவில் நானே முடிவெடுப்பேன். அதற்கு, லிஸ்ப் ஓடும் பதிப்பின் சோதனை அனுமதியும், வரி சேர்த்த மூன்று ஆண்டு விலையும் எழுத்தில் வேண்டும். எங்கள் நிரல்கள் எல்லாம் அதில் ஓடினால் பேசலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: 2019 ரசீது, உரிம ஒப்பந்தத்தின் நகல், உங்கள் கொட்டேஷன், விற்பனைப் பிரிவோடு நடந்த வாட்சாப் உரையாடல்