அமியோடரோனுக்கு ஒரு கண்காணிப்பு அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயத் துடிப்புச் சீர்கேட்டு மருந்துகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவற்றை நான்காகப் பிரிக்கும் வாகன் வில்லியம்ஸ் வகைப்பாட்டைத் தெளிவாக விளக்கியது: சோடியம் வழித் தடுப்பிகள், பீட்டா பிளாக்கர்கள், பொட்டாசியம் வழித் தடுப்பிகள், கால்சியம் வழித் தடுப்பிகள். ஆனால் அமியோடரோனை ‘மூன்றாம் வகை’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டது. நான்கு வகைகளின் வேலையையும் செய்யும் மருந்து அது. அதன் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மி.கி. இருக்கும், உடலுக்கு நாளொன்றுக்குத் தேவையோ வெறும் 0.15 மி.கி.தான். தைராய்டு சுரப்பு சிலருக்குக் கூடுவதற்கும் சிலருக்குக் குறைவதற்கும் இதுவே முக்கியக் காரணம். கொழுப்புத் திசுவில் தங்கிவிடுவதால், நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் வேலை செய்யும். இதனுடன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தையும் சாப்பிடுபவருக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடும்; வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க வேண்டிவரும்.

தாராவி மருந்துக்கடைகளில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் இதை வாங்குவோர் பலரிடம் தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனை அறிக்கையே இருப்பதில்லை. தைராய்டு, கல்லீரல் பரிசோதனைக்கான ஆறு மாதத் தேதிகளும், ‘வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் வரவும்’ என்ற எச்சரிக்கையும் கொண்ட அட்டையை, மாநகராட்சி மருத்துவமனைகள் மராத்தியோடு தமிழிலும் அச்சிட்டு மருந்துச் சீட்டுடன் வழங்க வேண்டும்.

– மருந்தாளுநர் ஒருவர், தாராவி, மும்பை