நானூறு பேருக்காக

ஜாப்லின், மிசூரி
ஜூன் 2025

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிறு ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாளாக மனசுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று உங்கள் சேனலில் கோல்ஃப் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், உங்கள் நெப்ராஸ்காவின் மெக்ஃபெர்சன் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டொர்னேடோ எச்சரிக்கை, அதாவது சுழற்காற்று எச்சரிக்கை, வந்தது. வானிலை சொல்லும் நீ ஆட்டத்தின் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் ரேடார் படத்தை வைத்துப் பேசினாய். சுழல் தரையைத் தொடாமலே கலைந்துவிட்டது. உடனே போன் மேல் போன். "அந்தக் கவுண்டியில் மொத்தமே நானூறு பேர், அவர்களுக்காக எங்கள் எல்லோருடைய ஆட்டத்தையும் கெடுத்தாயே" என்று ஒருவர். நீ எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று இன்னொருவர். நீ பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஜாப்லினில்தான் என்று அவருக்கு யார் சொல்வது? அந்த இரண்டாவது ஆளை விட்டுவிடு. முதல் ஆளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த இடத்தில் நான் இருந்தேன்.

உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை. நீ கைக்குழந்தை. அப்பா பாதி நாள் மருத்துவமனையிலேயே இருப்பார். எனக்குப் பேச்சுத் துணை டிவிதான். வாராவாரம் பார்த்துவந்த ஒரு தொடரின் கடைசிப் பகுதி வந்த ராத்திரி, அரை மணி நேரம் அதை நிறுத்திவிட்டு ரேடாரைக் காட்டினார்கள். நான் போன் போட்டுவிட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில் கோபமாகப் பேசினேன். எதிர்முனையில் ஒரு சின்னப் பெண். "மன்னிக்கணும் மேடம், அந்த வழியில் வீடுகள் இருக்கின்றன" என்றாள். நான் டக்கென்று போனை வைத்துவிட்டேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உன் வயசுதான் இருக்கும் அவளுக்கு.

இத்தனைக்கும் நான் நாகப்பட்டினத்துக்காரி. 1977 நவம்பர் புயலைப் பார்த்தவள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். எத்தனாம் நம்பர் என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் தெருவில் போவார்கள். உன் தாத்தா திருச்சி வானொலியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கூண்டு ஏறிய தடவையெல்லாம் புயல் வந்ததில்லை. ஆந்திரா பக்கம் போய்விடும், கடலிலேயே வலுவிழந்துவிடும். ஆனால் கூண்டு ஏற்றியவரிடம் போய் "ஏன் ஏற்றினாய்" என்று யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தும், ஒரு தொடருக்காக நான் அந்தப் போனைப் போட்டேன்.

இங்கே வந்த புதிதில் எனக்குத் தெருப் பெயர்களுக்கு முன்னால் கவுண்டிப் பெயர்கள்தான் மனப்பாடம். ஜாஸ்பர், நியூட்டன், பார்ட்டன், மெக்டொனால்ட். எல்லை தாண்டினால் கான்சஸில் செரோக்கி, ஓக்லஹோமாவில் ஒட்டாவா. எல்லாம் திரையின் அடியில் ஓடும் எழுத்தில் படித்தது. டிவியில் 7ஆம் சேனல் சி.பி.எஸ்., 12 ஏ.பி.சி., 16 என்.பி.சி. நியூயார்க் செய்தி முடிந்ததும் ஊர்ச் செய்தி வரும். எங்கே தீ, பள்ளிக்கூடத்துக்குப் பனி விடுமுறையா, ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கும் என்றெல்லாம் சொல்வார்கள். நான் இந்த ஊர்க்காரியானது அந்த அரை மணி நேரத்தில்தான் என்று தோன்றுகிறது.

இனி 2011 மே 22. உனக்கு அப்போது பதினொரு வயது. உனக்கு நினைவிருப்பது குளியலறையும் மெத்தையும் மட்டும்தான் என்று சொல்வாய். அதற்கு முன் நடந்ததை நான் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மிசூரி சதர்ன் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழா. அப்பா ஃப்ரீமன் மருத்துவமனையில். 5.11க்கு முதல் சைரன் ஊதியது. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைக்கூட அணைக்கவில்லை. வசந்த காலத்தில் இங்கே சைரன் ஊதும், நிற்கும், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம், அவ்வளவுதான். பிறகு தேசிய வானிலை சேவை ஊர் மக்களிடம் விசாரித்து எழுதிய அறிக்கையிலும் இதைத்தான் சொன்னார்கள். முதல் எச்சரிக்கையைக் கேட்டதும் பெரும்பாலோர் அசையவில்லை. இன்னொரு வழியில் உறுதிப்பட்ட பிறகுதான் ஒளிந்தார்கள்.

எனக்கு அந்த இன்னொரு வழி டிவி. 16ஆம் சேனல் தன் கோபுரத்தின் மேலிருந்த கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தது. மழைக்குள் மறைந்து வந்ததால் டொர்னேடோ என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை, கறுப்பு மேகம் தரையோடு கிடந்தது போலத்தான் இருந்தது. அதன் அடியில் பளீர் பளீரென்று வெளிச்சம். மின்கம்பிகள் அறுந்து விழுகின்றன என்று அவர்களுக்குப் புரிந்த அந்த நொடியில் குரல் மாறியது மீனா. செய்தி வாசிக்கும் குரல் போய், வீட்டு மனிதர் கத்துகிற குரல் வந்தது. உடனே பதுங்குங்கள், இப்போதே என்று கெஞ்சினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்ததும் இதே ஊரில்தான். நான் அடுப்பை அணைத்தது அப்போதுதான். உன்னை இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். ஜாப்லினில் பெரும்பாலான வீடுகளைப் போல நமக்கும் பேஸ்மென்ட் கிடையாது.

நம் வீடு அதன் பாதையில் இல்லை. ஜன்னல் உடைந்ததோடு போயிற்று. உன் பியானோ டீச்சர் வீடு அந்தப் பாதையில் இருந்தது. முதல் சைரனுக்கு அவரும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். அப்புறம் டிவியில் அந்தக் குரல். கணவரும் மனைவியுமாக உள்ளே ஒரு சின்ன அலமாரி அறைக்குள் புகுந்து கதவைப் பிடித்துக்கொண்டார்கள். முடிந்து வெளியே வந்தபோது அந்த அறை மட்டும் நின்றதாம். கூரை இல்லை, சமையலறை இல்லை, பியானோவையும் காணோம். நகரத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கிழித்துப் போனது அது. டொர்னேடோவின் வலிமையை அளக்கும் அளவில் உச்சமான இ.எஃப். 5, காற்று மணிக்கு 200 மைலுக்கு மேல். ஊரில் 150க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை சின்னாபின்னமானது. காயம்பட்டவர்கள் அலை அலையாக ஃப்ரீமனுக்கு வந்தார்கள். அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்தார். ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அடுத்த நாளே நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள் எல்லாம் வந்து இறங்கின. 29ஆம் தேதி அதிபர் ஒபாமா வந்தார். அவர்கள் வந்தது நல்லதுதான், உதவியும் வந்தது. பிறகு கேமராக்கள் கிளம்பிப் போயின. குடிதண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தத் தெரு திறந்திருக்கிறது என்றெல்லாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது ஊர்ச் சேனல்களும் ஊர் ரேடியோவும்தான். ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளியின் பெரிய வகுப்புகள் மாலில் காலியாகக் கிடந்த ஒரு கடைக்குள் தொடங்கின. அந்த இலையுதிர் காலத்தில்தான் நீ ஒரு நோட்டில் மேகம் வரைய ஆரம்பித்தாய். அப்புறம் வானிலை படிக்க ஓக்லஹோமாவுக்குப் போனாய். நாங்கள் தடுக்கவில்லை. மருத்துவம் படித்திருக்கலாமே என்று உறவில் சிலர் சொன்னதற்கு அப்பா கொடுத்த பதில் உனக்குத் தெரியாது. "அவள் பார்க்கப்போவதும் எமர்ஜென்சி வார்டுதான்" என்றார்.

இப்போது அந்த "எங்கள் ஆட்டம்" விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் நாடு முழுக்க நிகழ்ச்சி தரும் என்.பி.சி. போன்ற நெட்வொர்க்குடையது. அது வீட்டுக்கு வந்து சேரும் கோபுரம் உங்கள் ஊருடையது. ஒளிபரப்பைக் கவனிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. உரிமம் கொடுப்பது நெட்வொர்க்குக்கு அல்ல, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாகத்தான். அதுவும் அந்த ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஊருக்குத் தேவையென்றால் நெட்வொர்க் நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமை நிலையத்துக்கு உண்டு. இதெல்லாம் முதல் வருடம் நீயே எனக்குச் சொல்லித்தந்ததுதான். அப்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. நாட்டில் இப்படி 210 டிவி சந்தைகள், அதில் கடைசி வரிசையில் எங்களுடையது என்றாய். முன்பு நிகழ்ச்சியைக் காட்டுவதற்காக நெட்வொர்க் நிலையங்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது நிலையங்கள் நெட்வொர்க்குக்குக் கொடுக்கின்றன, கேபிள்காரர்களிடம் வாங்கும் பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது என்றாய். அதனால்தான் கேமராவையும் நீயே தூக்கிக்கொண்டு காரையும் நீயே ஓட்ட வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இங்கேயும் 12ம் 16ம் எப்போதோ ஒரே கூரைக்குள் வந்துவிட்டன.

இந்த வருடம் ஜனவரியில் ஒரு நிறுவனம், தன் ஊர் நிலையங்களின் வானிலையை எல்லாம் அட்லாண்டாவிலிருந்தே சொல்லப்போவதாக அறிவித்ததே, அன்று நீ எவ்வளவு பயந்தாய். ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பியதும் பல ஊர்களில் பின்வாங்கினார்கள். அதை மட்டும் மறந்துவிடாதே. ஆட்டம் போனதற்குத் திட்டினாலும், ஊர் ஆள் போய்விடுவார் என்றதும் விடமாட்டேன் என்றார்கள். அட்லாண்டாவில் இருப்பவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். ஆனால் மெக்ஃபெர்சன் கவுண்டியில் எந்த மண்சாலை மழைக்குத் தாங்காது, எந்தப் பண்ணையில் கிழவர் தனியாக இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? போன குளிர்காலத்தில் நீயே போய் அங்கே பேட்டி எடுத்தாயே, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே பேசினாரே, அவரும் அந்த நானூறில் ஒருவர்தானே.

ஒஹாயோவின் டேட்டனில் நடந்ததையும் நினைத்துப் பார். 2019 மே மாதம், தொடரை நிறுத்தியதற்குப் பொரிந்து தள்ளிய நேயர்களை ஒரு வானிலையாளர் நேரலையிலேயே கண்டித்தார். அன்று அந்தப் பகுதியில் டொர்னேடோ இறங்கி வீடு வீடாக இடித்துவிட்டுப் போனது. உனக்கு அன்று சுழல் தரையைத் தொடவில்லை. நல்லதாயிற்று. ஆனால் ஆறு மணிக்கு நீ பேச ஆரம்பித்தபோது அது தொடுமா தொடாதா என்று யாருக்கும் தெரியாதே. அன்று உன் கையில் இருந்ததை வைத்து நீ செய்தது முழுக்கச் சரி. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் அந்த டேட்டா கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றாய். போ, அல்லது இரு. சம்பளம் அதிகம், இரவு ஷிப்ட் கிடையாது, உடம்புக்கு நல்லது என்றெல்லாம் நீ சொன்னது நியாயமான காரணங்கள். அதற்காகப் போனால் அப்பாவும் நானும் வந்து வீடு மாற்றிக்கொடுப்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்த போன்களுக்காகப் போகாதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்னொன்று. பியானோ டீச்சரை நேற்று கடையில் பார்த்தேன். அன்றைக்கு அப்புறம் அந்தச் சேனலுக்கு நீங்கள் எப்போதாவது போன் செய்தீர்களா என்று கேட்டேன். இல்லையே, ஒருநாளும் தோன்றவில்லையே என்றார். எனக்கும் பதினான்கு வருடமாகத் தோன்றவில்லை. திட்டுவதற்கு மட்டும் அன்று நம்பரைத் தேடி எடுக்கத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் 16ஆம் சேனலுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பையன், 2011இல் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். என்ன செய்தி தர வேண்டும் என்று கேட்டான். செய்தி இல்லை தம்பி, நன்றி சொல்லத்தான் என்று, அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டான். செய்தி அறைப் பலகையில் ஒட்டிவைக்கப் போகிறானாம்.

பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வியாழக்கிழமை உன் கைக்கு வரும். பாட்டில் மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், கத்தியால் கீறிப் பிரி. வரும் ஞாயிறு உனக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட் என்று எழுது. உங்கள் சேனல் ஆப்பை அப்பா பெரிய டிவியில் வரும்படி செய்துவிட்டார். நாங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
அம்மா