பேன் இருக்குன்னு புள்ளைய தனியா உக்கார வச்சா பேன் போயிருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. போன மாசம் ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து அழுதுகிட்டே வந்தா, என்னன்னு கேட்டா தலையில பேன் ஊருதுன்னு மிஸ் அவள மட்டும் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சுட்டாங்களாம், போதாததுக்கு முடிய வெட்டிட்டு வான்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு அவளக் குனிய வச்சு பேன்சீப்பு போட்டு வாரினேன், பதினேழு விழுந்துச்சு.

பேன் பறக்காது, தாவாது, தலையும் தலையும் ஒட்டி இருக்கும்போது ஒரு முடியிலருந்து இன்னொரு முடிக்கு ஏறிப் போறதுதான். தினம் தலைக்கு குளிச்சாலும் வரும், அதுக்கு வேண்டியது ரத்தம், அழுக்கு இல்ல. இன்னொன்னு, முதல் தடவை பேன் வந்தா அரிப்பு எடுக்கவே 4 லருந்து 6 வாரம் ஆகும்ங்கிறாங்க. அப்போ புள்ள தலைய சொறியுறத மிஸ் பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு மாசமா எல்லார் கூடயும்தான் உக்காந்திருக்கா, இனிமே கடைசி பெஞ்சுக்கு அனுப்பி என்ன ஆகப்போகுது? அமெரிக்காவுல குழந்தை டாக்டர்கள் சங்கமே பேனுக்காக புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு சொல்லுது.

தப்பு என் மேலயும் இருக்கு, மறைக்கல. மெடிக்கல்ல பெர்மெத்ரின் 1 சதவீதம் லோஷன் வாங்கி 10 நிமிஷம் ஊற வச்சு அலசுனேன், செத்து செத்து விழுந்துச்சு, முடிஞ்சதுன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரத்துல பழையபடி சொறிய ஆரம்பிச்சுட்டா. அந்த மருந்துக்கு பேன் சாகும், ஈரு எல்லாம் சாகாது, 7 லருந்து 10 நாளுக்குள்ள பொரிஞ்சு வந்துரும், அதனால 9வது நாள் மறுபடி போடணுமாம். அட்டைப்பெட்டியில போட்டிருக்கு, யாரு படிக்கிறா!

ரெண்டாவது ரவுண்டுல வீட்டுல எல்லார் தலையும் பாத்தோம். "எங்க காலத்துல இப்படியா"ன்னு தினம் பேசுன என் மாமியார் தலையிலதான் ஏகப்பட்டது! பேத்தி அவங்க கூடத்தான் படுக்கிறா.

ஒரு விஷயம் பயந்து போய் எழுதுறேன். எங்க நாத்தனார் புள்ளைக்கு சீத்தாப்பழக் கொட்டைய அரைச்சு தேங்காயெண்ணெயில கலந்து தேச்சாங்க, குளிக்கையில அது கண்ணுல இறங்கி ராத்திரி பூரா புள்ள கத்து கத்துன்னு கத்துச்சு, கண்ணு செவசெவன்னு வீங்கிப்போச்சு, கருவிழியில புண்ணுன்னு டாக்டர் சொன்னாரு, சரியாக ஒரு வாரம் ஆச்சு. அது கைவைத்தியம்தானே ஒண்ணும் செய்யாதுன்னு தயவுசெஞ்சு யாரும் நினைக்காதீங்க. மண்ணெண்ணெய் அத விட மோசம், அடுப்பு பக்கம் போனா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.

மருந்து வேண்டாம்னா கண்டிஷனர் தடவி ஈரத்தலையில பேன்சீப்பு போடலாம், 3 நாளைக்கு ஒருக்கா, ரெண்டு மூணு வாரம் விடாம. கை வலிக்கும், டிவி ஓடுனா புள்ள கொஞ்சம் உக்காரும். மெத்தை தலகாணியெல்லாம் வெயில்ல தூக்கிப் போட்டு அலைய வேண்டாம், தலைய விட்டு விழுந்த பேன் ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துரும்.

டீச்சர்மாருங்ககிட்ட நான் கேக்குறது இவ்வளவுதான். ஒரு புள்ள தலையில பேன் பாத்தா பேரச் சொல்லாம அந்த கிளாஸ் புள்ளைங்க எல்லார் டைரியிலயும் "இந்த சனி ஞாயிறு தலை பாருங்க"ன்னு ஒரு வரி எழுதி விடுங்க. எல்லா வீட்டுலயும் ஒரே சமயத்துல பாத்தாத்தான் உண்டு, நான் மட்டும் வாரிக்கிட்டே இருந்தா பக்கத்து சீட்டுலருந்து திரும்ப வரும். என் பொண்ணு இன்னும் கடைசி பெஞ்சுலதான் இருக்கா, தலையில இப்ப ஒண்ணும் இல்ல.

இப்படிக்கு,
ஒரு அம்மா, சங்கரன்கோவில்